மேலூர்ச் சப்பரத்தின் முன்தண்டு

ஒன்பது வருடம் நான் அரிசி கழுவினேன். ரொறொன்ரோவில், வோபர்ன் பக்கம், குரோகி என்ற யப்பான்காரக் கிழவரின் சாப்பாட்டுக்கடை. பின்பக்கக் குசினியில் ஒரு நாளைக்கு நாற்பது கிலோ, பச்சைத்தண்ணீரில். மாரியில் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். நகத்தடித் தோல் வெடித்தால் கையுறை போட்டுக் கழுவ வேண்டும். அரிசி சிவக்கக் கூடாது. சிவந்தால் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

கடையின் முன்பக்கத்தில் நீளமான மரக் கவுண்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால் நின்று, சனம் பார்த்திருக்க மீன் வெட்டுகிறவனுக்குத் தனிக் கத்தி. சனம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். யப்பான்காரர் அல்லாத ஒருவரும் அங்கே நின்றதில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். வீட்டில் கிடைத்த மீனையெல்லாம் சீவிப் பழகினேன். என் மனைவி தேனுகா மீன்கறி வைத்து வைத்து அலுத்துப்போய், "இனி இந்த வீட்டுக்க மீன் வந்தா நான் வெளியால" என்றாள். கிழவரிடம் ஐந்து தரம் கேட்டேன். ஐந்து தரமும் அரிசிப் பானையைக் காட்டி "கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்தினார். தூசணங்களை விட்டால் எங்களிடம் அவர் படித்த தமிழ் அது ஒன்றுதான்.

செப்டெம்பர் கடைசியில் அவராகவே என்னைக் கூப்பிட்டார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்.

"ஒக்டோபரில் திருவிழா. முன்தண்டு உனக்கு. கீழூர்ச் சாமி நிலத்தில் விழ வேண்டும். விழுந்தால் கத்தியும் உனக்கு."

விளக்கத்தை ஹருகாதான் சொன்னாள். கிழவரின் செத்துப்போன அண்ணரின் மகள். முப்பது வயது தாண்டியவள். நாலு மாதத்துக்கு முன்னர்தான் யப்பானிலிருந்து வந்தாள், கொண்டெய்னரில் இரண்டு பெரிய மரப்பெட்டிகளோடு. பெட்டிகளுக்குள் இருந்தவை இரண்டு சப்பரங்கள். கறுப்பு அரக்குப் பூசிய கோயில் மாதிரி ஒரு கூடு, கீழே நாலு நீளத் தண்டு. ஒன்று முந்நூற்று நாற்பது கிலோ. உள்ளே சாமியாக ஒரு வட்டக் கண்ணாடி.

அவர்களின் ஊர் மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. ஆற்றின் மேல்பக்கம் இருப்பது மேலூர், கீழ்ப்பக்கம் கீழூர். வருடத்துக்கு ஒரு தரம் இரண்டு ஊரும் சப்பரங்களைத் தூக்கி ஒன்றோடொன்று மோதும். எது நிலத்தில் விழாமல் நிற்கிறதோ அந்த ஊர் வயலுக்கு முதல் தண்ணீர்.

"இப்ப மதகெல்லாம் கரண்டில் திறக்கும்," என்றாள் ஹருகா. ஊரில் பிரதேச சபையில் வேலை பார்த்தவள் அவள். "நானே போனில் திறந்துவிடுவேன். ஆனாலும் மோதினார்கள்."

பிறகு மோத ஆள் இல்லாமல் போயிற்று. ஆயிரத்து நானூறு பேர் இருந்த ஊரில் தொண்ணூற்றுமூன்று பேர். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, மைதானத்தில் காட்டுப்பன்றி பகலிலேயே படுத்திருக்கும். பதினொரு கோயிலுக்கு ஒரு பூசகர், சின்ன வானில் ஓடி ஓடிப் பூசை வைப்பார். யூனிவேர்சிற்றிப் பொடியளை ரீசேட் கொடுத்துக் கூட்டிவந்து தூக்கவைத்தார்கள். சப்பரத்துக்கு ரயர் பூட்டினார்கள். பெண்களும் தூக்கலாமே என்று ஹருகா சபையில் கேட்டாள். அடுத்த கூட்டத்துக்குக் கிழவர்கள் ஒருவரும் வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் திருவிழாவை நிறுத்தியாயிற்று. சப்பரங்களை எரிப்பதா மியூசியத்துக்குக் கொடுப்பதா என்று சபை யோசித்தபோது ரொறொன்ரோவிலிருந்து இரண்டு போன் போனது. ஒன்று மேலூர்க் குரோகி. மற்றது கீழூர் மொரிதா, ரெக்ஸ்டேலில் மீன் வெயர்ஹவுஸ் வைத்திருப்பவர், எங்கள் கடைக்கும் மீன் தருபவர். இருவரும் முப்பது வருடமாக முகம் பார்த்ததில்லை. ஹருகாவோடு தனித்தனியே பேசி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: இங்கே அனுப்பு.

"அப்பா இதில்தான் செத்தார்," என்றாள். கடைக்குப் பின்னால், கழிவு எண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தாள். "எனக்கு இரண்டு வயது. கீழூர்ச் சப்பரத்துக்குக் கீழே. மொரிதா முன்தண்டில் நின்றார்."

"அப்ப மொரிதா தள்ளினதா?"

"ஊரில் அப்படிக் கேட்கக் கூடாது. தள்ளியது சாமி. பொலிசுக்கும் அதைத்தான் சொன்னார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். திருவிழா அன்று தண்டுகளுக்கு நடுவில் நடப்பதற்குப் பொறுப்பு ஆள் கிடையாது. அதைப்பற்றி வாய் திறக்கிறவனுக்குத்தான் ஊரில் இடம் கிடையாது."

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கொம்புமுறி இருக்கிறது. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொழுவி வடம் போட்டு இழுப்பார்கள். ஒரு கொம்பு முறிய வேண்டும். முறியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.

கடையின் பின்னால் பார்க்கிங் லொட்டில் பழகினோம். மேலூருக்குப் பன்னிரண்டு பேர்: யப்பான் மாணவர்கள் நாலு, குசினித் தமிழர் எட்டு. எட்டுப் பேரில் மூத்தவர் மாமாங்கம் அண்ணன், ஐம்பத்தொரு வயது, என் ஊர்க்காரர், பாத்திரம் கழுவுகிறவர். ஹருகா சிற்றியில் பெர்மிற் எடுத்தாள். அதில் ஊர்வலம் மட்டும், மோதல் கூடாது என்று எழுதியிருந்தது. இருபத்துநாலு ஹெல்மெற்றும் வாங்கிவந்தாள். கிழவர் எங்களுடைய பன்னிரண்டையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மூங்கில் தடி ஒன்றோடு பின்னால் நின்று, கால் பிந்துகிறவனின் கெண்டையில் அடித்தார். மாமாங்கம் அண்ணனுக்குத்தான் அதிகம் விழுந்தது.

"என்ர அப்பனும் இப்பிடித்தான் அடிச்சவர், மாட்டுக்கு," என்றார் அண்ணன், காலைத் தடவிக்கொண்டு. "மாடு பேசாம இருந்தது. நானும் இருக்கன்."

ஹருகா இரண்டு பக்கத்துக்கும் ஒரு சொல்லைப் படிப்பித்தாள். ஹனாசே. விடு என்று அர்த்தம். சப்பரம் சரிந்து இனி நிமிராது என்றால் தலைவர் கத்துவார். கத்தினால் எல்லோரும் தண்டை விட்டுப் பின்னால் பாய வேண்டும். சாமி விழட்டும். ரெக்ஸ்டேலுக்கும் போய்ப் படிப்பித்தாள். அங்கேயும் தண்டு பிடித்தவர்கள் தமிழர்தான், வெயர்ஹவுஸில் வேலை செய்த யாழ்ப்பாணத்தார். அவர்களின் முன்தண்டு கஜீவன்.

கஜீவன் செவ்வாயும் வெள்ளியும் லொறியில் எங்களுக்கு மீன் கொண்டு வருகிறவன். வடமராட்சிக்காரன். நாற்பது வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஸ்காபரோக் கோயிலில் ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் பிள்ளையாரைத் தோளில் காவுகிறவன். அவன் வலத்தோளில் தண்டு அழுத்திய தழும்பு கறுத்துக் கிடக்கும். அதைத் தொட்டுக் காட்டுவான்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்க, பின்கதவில் மீன் பெட்டியை இறக்கிக்கொண்டு சொன்னான்:

"எடேய், உங்கட ஆக்களுக்குத் தண்டு என்னத்துக்கு? மந்திரிச்சு எங்களைப் பாயோட ஒட்டிவிட்டாச் சரிதானே." மட்டக்களப்பார் வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய பகிடி.

"ஒட்டுறதுக்கும் ஒரு லெச்சணம் வேணும் தம்பி," என்றார் மாமாங்கம் அண்ணன். "உன்ன ஒட்டினாப் பாய்க்குத்தான் நட்டம்."

கஜீவன் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். என்னைப் பார்த்தான்.

"உவன்தான் முன்தண்டாம். கிழவன் கத்தி குடுக்கப் போறானாம். ஒன்பது வருஷம் அரிசி கழுவினவன்ர கையில கத்தியைக் குடுத்தா, செத்த மீன் எழும்பி நிண்டு சிரிக்கும்."

கையில் அலுமினிய அரிசிச் சட்டி இருந்தது. அதன் விளிம்பால் அவன் வாயில் அடித்தேன். உதடு பிளந்தது. அவன் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான், உள்ளே மீன் இருந்ததால். பிறகு என் இரண்டு காதையும் பிடித்து நெற்றியால் மூக்கில் இடித்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் மண்டைக்குள் கேட்டது. ஐஸ் உருகி ஓடிய நிலத்தில் இருவரும் புரண்டோம். அவன் என் கழுத்தில் முழங்காலை வைத்தான், நான் அவன் தொடையைக் கடித்தேன். மாமாங்கம் அண்ணன் குழாயைத் திறந்து நாயை விலக்குவதுபோல் எங்கள் மேல் தண்ணீர் அடித்தார்.

குரோகி கிழவர் கதவில் நின்று முழுவதையும் பார்த்தார். விலக்கவில்லை. கஜீவன் போனபிறகு என் மூக்கைத் தன் விரலால் நேராக்கிவிட்டார்.

"நல்லது," என்றார். "கோபத்தைச் செலவழிக்காதே. ஒக்டோபருக்கு வைத்திரு."

ஒக்டோபர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. மொரிதாவின் வெயர்ஹவுஸுக்குப் பின்னால் லொறிகள் திரும்பும் சீமெந்து முற்றம். மழை தூறியது. நூறு பேர் வரையில் பார்க்க வந்திருந்தார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எங்களுக்கு நீலச் சட்டை, அவர்களுக்குச் சிவப்பு. கிழவர் எங்கள் தலையில் உப்பை எறிந்தார், வாயில் சாக்கே என்ற அரிசிச் சாராயத்தை ஊற்றினார். எதிர்ப்பக்கத்தில் மொரிதாவும் அதையே செய்தார், குள்ளமாக, மொட்டைத் தலையோடு. இரு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கஜீவன் தன் தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுடைய ஆட்களும் ஒற்றிக்கொண்டார்கள். நான் அதைக் கண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

கிழவர் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினார். ஓடினோம்.

முதல் மோதலில் தண்டின் முனையும் தண்டின் முனையும் சந்தித்தன. அடி என் தோளால் இறங்கி இடுப்புவரை போனது. எனக்குப் பின்னால் நின்ற மாணவனின் முகம் கூட்டில் அடிபட்டது. அவன் இரண்டு பல்லைத் துப்பிவிட்டுத் திரும்பத் தண்டைப் பிடித்தான். இரண்டாவது மோதலில் அவர்களின் தண்டு வழுக்கி மாமாங்கம் அண்ணனின் நெற்றியை உரித்தது. இரத்தம் கண்ணுக்குள் ஓட, அண்ணன், "தெரியுதில்லடா, எந்தப் பக்கம் தள்ளுற?" என்றார். "நேரா, அண்ணே," என்றேன். ஹருகா இடையில் ஓடிவந்து நிறுத்து என்றாள். கிழவர் அவளை மூங்கில் தடியால் விலக்கினார்.

மூன்றாவது மோதலில் எங்கள் முனை அவர்களின் கூட்டுக்கு அடியில் நுழைந்தது. நான் கிளப்பினேன். கீழூர்ச் சப்பரம் என் பக்கமாக எழும்பி, அப்படியே கஜீவனின் பக்கம் சரிந்தது.

"ஹனாசே," என்று மொரிதா கத்தினார். அவர்களின் யப்பான்காரர் நாலு பேரும் தண்டை விட்டுப் பாய்ந்தார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். சப்பரம் விழும், மேலூர் வெல்லும், எல்லோரும் குடிப்பார்கள்.

தமிழர் விடவில்லை. எட்டுப் பேரும் விடவில்லை. விடு என்று சொல்லிக்கொடுத்தபோது தலையாட்டியவர்கள். தோளில் ஏறிய சாமியை நிலத்தில் போடுவது அவர்களுக்குத் தெரியாது. இடுப்பு முறிந்தாலும் தாங்கித்தான் பழக்கம். நாலு பேரின் பாரமும் மிச்சப் பேரில் இறங்கியது. இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். கஜீவன் ஒரு முழங்காலில் இருந்தான். தண்டு அவன் தோளிலிருந்து வழுக்கி வலது முழங்கையின் மடிப்பில் நின்றது. அவன் முகம் என் முகத்திலிருந்து ஒரு முழம். என் சட்டி பிளந்த உதடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"விடு, கஜீவன்," என்றேன். "விடச் சொல்லிக் கத்துறாங்கள்."

"சாமியடா. கீழ வைக்கேலாது." மூச்சு அவனுக்கு வரவில்லை. "நீ கொஞ்சம் பின்னுக்கு எடு மச்சான். நான் எழும்பீருவன்."

நான் முன்தண்டு. நான் ஒரு எட்டுப் பின்னுக்கு வைத்தால் எங்கள் முனை கழன்றிருக்கும், அவன் நிமிர்ந்திருப்பான். பின்னால் கிழவர் கட்டைகளைத் தட்டுகிறார், கெதியா, கெதியா என்கிறார். அந்தச் சொல்லை எங்கள் மொழியில் கேட்டேன். கத்தி நினைவுக்கு வந்தது. கவுண்டர் நினைவுக்கு வந்தது. கொம்பு முறிய வேண்டும் என்பதும்.

முன்னுக்கு வைத்தேன்.

முழங்கை உடைந்த சத்தம் தடி முறிகிற மாதிரி இல்லை. ஈரமான சத்தம். சப்பரம் அவன் கையின் மேலேயே இறங்கி, கதவு பிளந்து, உள்ளே இருந்த கண்ணாடி சீமெந்தில் உருண்டது. அப்போதும் அவன் இடக்கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தான். குரோகி கிழவர் நிலத்தில் இருந்து அழுதார், அண்ணா அண்ணா என்று அழுதாராம், ஹருகா பிறகு சொன்னாள்.

அம்புலன்ஸ் வந்தது, பொலிசும் வந்தது. ஒரு பெண் பொலிஸ் ஒவ்வொருவராய்க் கேட்டாள். மழை, சறுக்கியது என்றார் குரோகி. சறுக்கியது என்றார் மொரிதா. பல் போன மாணவனும் அதையே சொன்னான். மாமாங்கம் அண்ணன் தனக்குக் கண் தெரியவில்லை என்றார், அது உண்மை. நான் சறுக்கியது என்றேன். போன்களில் எடுத்த படத்தில் மழையும் முதுகுகளும்தான் தெரிந்தன.

ஹொஸ்பிற்றல் கொரிடோரில் கஜீவனின் மனைவி ரதிக்கு முன்னால் இரண்டு கிழவர்களும் முழங்காலில் இருந்து நெற்றியை நிலத்தில் வைத்தார்கள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "எழும்பச் சொல்லுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள். எழும்பினார்கள். லிஃப்ற்றுக்கு முன்னால் மொரிதா குரோகிக்கு ஏதோ சொன்னார், குரோகி தலை குனிந்தார். அன்று இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்களாம், முப்பது வருடத்துக்குப் பிறகு. கணக்குத் தீர்ந்ததாம்.

"அப்பாவின் கணக்கு," என்றாள் ஹருகா, பீப்பாவுக்குப் பக்கத்தில். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீயும் நன்றாகப் பழகிவிட்டாய்."

நவம்பரில் கத்தி கிடைத்தது. வெள்ளைச் சட்டை, தலையில் கட்ட நீலத்துணி. சனம் என் பெயரைச் சுருக்கிக் கோகு என்று கூப்பிட்டது. மீன் என் கையில் சிரிக்கவில்லை. நான் நன்றாக வெட்டினேன். தேனுகா ஒரு தரம் வந்து கவுண்டரில் இருந்து பார்த்துவிட்டுப் போனாள். கஜீவனுக்குக் கை இருக்கிறது, ஆனால் நரம்பு செத்துவிட்டது, விரல் மடங்காது என்று மாமாங்கம் அண்ணன் வந்து சொன்னார். பிறகு தன் நெற்றித் தழும்பைச் சொறிந்துகொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சனம் நிறைந்திருந்த நேரம், கஜீவன் வந்தான். கவுண்டரில் எனக்கு நேர் முன்னால் ஏறி இருந்தான். மெலிந்திருந்தான். வலக்கை ஜக்கெற் பைக்குள் கிடந்தது.

"எட்டுத் துண்டு," என்றான். "நீயே வெட்டு."

வெட்டி, பிடித்த சோற்றின் மேல் வைத்துக் கொடுத்தேன். அவன் சாப்பாட்டுக் குச்சிகளைத் தொடவில்லை. இடக்கையால் எடுத்தான். எங்கள் ஆட்களில் ஒருவன் நாலு பேர் முன்னால் இடக்கையால் சாப்பிடுவதை நான் அன்றுதான் கண்டேன். சோறு விரலில் உதிர்ந்தது. நான் பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சாப்பிட்டான். ஐந்தாவது துண்டில் நிறுத்தினான்.

"ரதி சோறு குழைச்சுத் தீத்திறாள்," என்றான். "கோயில்ல தண்டுக்குப் பக்கத்தில விடுறாங்கள் இல்லை. பரவாயில்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். சறுக்கினதா, தள்ளினனியா?"

பேசாமல் இருக்கலாம். தள்ளியது சாமி என்றும் சொல்லலாம். கவுண்டரின் மறுமுனையில் குரோகி கிழவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளினனான்," என்றேன்.

"இங்கிலிசில சொல்லு. கிழவனுக்கும் விளங்கட்டும்."

"ஐ புஷ்ட் ஹிம்," என்றேன். சனம் திரும்பிப் பார்த்தது.

தேத்தண்ணிக் கோப்பை தடித்த மண்ணால் செய்தது. அதை இடக்கையில் தூக்கி என் வாயில் அடித்தான். பழகாத கை, ஆனாலும் குறி பிசகவில்லை. முன்பல் ஒன்று உள்ளுக்குப் போனது, உதடு இரண்டாயிற்று. திரும்ப அடித்தான், கன்னத்தில். கோப்பை உடைந்தது. என் வலக்கையில் கத்தி இருந்தது. அதைப் பலகையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டேன். மூன்றாவது தரம் உடைந்த விளிம்பால் ஓங்கினவன், கையை இறக்கினான். சனம் கதவுப் பக்கம் ஓடியது. ஹருகா போனை எடுத்தாள்.

"பொலிஸ் வேண்டாம்," என்றேன், இரத்தத்தை விழுங்கிக்கொண்டு. "அவன் ஒன்றும் செய்யவில்லை."

கஜீவன் திரும்ப ஏறி இருந்தான். மூச்சு வாங்கியது. "மிச்சம் மூண்டு கிடக்கு," என்றான். மூன்றையும் ஒவ்வொன்றாய் இடக்கையால் எடுத்து, மென்று, விழுங்கி, தட்டைத் துடைத்துவிட்டுப் போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குரோகி கிழவர் வந்தார். பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. கத்தியை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியில் சுற்றித் தன் இடுப்பில் செருகினார்.

"அதை நீ சொல்லியிருக்கக் கூடாது," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என் தலைத்துணியைத் தானே அவிழ்த்தார், பிள்ளைக்கு அவிழ்ப்பதுபோல. பிறகு பின்கதவைக் காட்டினார்.

"கெதியா," என்றார்.

மாமாங்கம் அண்ணன் பானையடியில் எனக்கு இடம் விட்டார். நாற்பது கிலோவில் முதல் ஐந்தை அளந்து கொட்டி, குழாயைத் திறந்து கையை விட்டேன். குனிந்தபோது உதட்டிலிருந்து சொட்டியது. அரிசி சிவந்தது. முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி அளந்தேன்.